தாகமில்லாமல் கேட்ட தண்ணீர்

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கே ஒரே போன், மூன்றாம் மாடி மாமி வீட்டில். யார் கேட்டாலும் "போன் டெட்" என்று கதவைச் சாத்திவிடுவார். அன்று காலை, டிராம்பேயில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் தீ என்றார்கள். படியேறி ஓடினேன்.

"மாமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

கொடுத்தார். டம்ளரில் பாதி என் புடவையில் சிந்தியது.

"ஏன்டிம்மா இப்படி நடுங்கறே? உள்ளே வந்து உக்காரு."

அப்புறம்தான் போனைக் கேட்டேன். மாமியே டயலைச் சுற்றினார், லைன் கிடைக்கும்வரை விடாமல். என் கணவர் உயிரோடு இருந்தார்.

தண்ணீர் கேட்டது, கதவைச் சாத்தாமலிருக்க நான் செய்த தந்திரம் என்பதை மாமியிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. இன்று என் வாசலில் யாராவது தண்ணீர் கேட்டால், கொடுத்துவிட்டு, "வேற என்ன வேணும்?" என்று நானே கேட்டுவிடுகிறேன்.