அம்மன் கடைசியாகச் சொன்னது

தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாவது படித்த வருஷம், கருங்குழியில் ஆடித் திருவிழாவின்போது என் மேல் அம்மன் வந்தது. பம்பைச் சத்தத்துக்குக் கால் தானாக ஆடியதும், கண் விழித்தபோது அம்மாவின் மடியில் கிடந்ததும்தான் எனக்கு நினைவு. காணாமல் போன கொலுசு அரிசிப் பானைக்குள் இருப்பதாக ஒருத்திக்குச் சொன்னேனாம். இருந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குறி கேட்க எங்கள் வாசலில் கூட்டம். வியாழக்கிழமை வரை என்னைத் திட்டுகிற அப்பா, வெள்ளியன்று மட்டும் என் காலைத் தொட்டுக் கும்பிடுவார். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்தெருவிலிருந்த லாரி ஓட்டுநர், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"யாரு தாயி இத்த பண்ணது?"

"மேற்கால வூட்டுக்காரி" என்றது என் வாய்.

அவர் வீட்டுக்கு மேற்கு வீட்டில் தனியாக இருந்தவள் ஒரு தையல்காரி. நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்ததை முந்தின வாரம்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் அவளுடைய தையல் மெஷினைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் மதுராந்தகத்திலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு டைபாய்டு என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்தில் தேறி வந்தது. அம்மன் வாக்குதான் காப்பாற்றியது என்றார்கள் ஊரில்.

சொன்னது அம்மனா, நானா? அவள் மேல் எனக்கிருந்த கோபம்தான் பேசியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா காதிலேயே வாங்கவில்லை. நான் நானாகச் சொன்னால் எடுபடாது என்று புரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நடித்தேன். முடியை அவிழ்த்துவிட்டு ஆடினேன்.

"அவ மேல தப்பு இல்ல. இந்தப் பொண்ணு மனசுல கீற விஷம் என் வாக்குல கலந்துடுச்சி. அவள கூட்டியாந்து அவ வூட்டுல வுடுங்க. இனிமே நான் இவ மேல வரமாட்டேன்."

கடைசி வார்த்தையில் உடம்பு உண்மையாகவே நடுங்கியது. அது முழுக்க நடிப்புதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

லாரி ஓட்டுநரே போய் அவளை அழைத்து வந்தார். வேறு மெஷினும் வாங்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மன் மேல எனக்குக் கோவம் இல்ல. உன் மேலதான் கீது. போய்ப் படி."

படித்தேன். கொஞ்ச நாளில் கூட்டம் நின்றது, அம்மன் வரவில்லை. செங்கல்பட்டில் கல்லூரி முடித்து, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு வேலையில் சேர்ந்தேன். என் கல்யாண ரவிக்கைகளை அவளிடமே தைக்கக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். அவ்வளவுதான். ரவிக்கைகள் கச்சிதமாக இருந்தன.