எங்கள் வீட்டு டம்ளர்கள் ஏன் கவிழ்ந்தே இருக்கின்றன

வாசகசாலை நண்பர்களே, இன்றைய பேப்பர் வருவதற்குள் பலகையில் ஒட்டியிருக்கும் இதைப் படித்துவிடுங்கள்.

நேற்றுக் காலை ரயிலில் கிள்ளானிலிருந்து என் மனைவியின் அத்தை மகன் வந்தார். தோட்டத்தில் ரப்பர் மரம் கீறிப் பால் எடுக்கிறவர். நான் பெண் கேட்டுப் போயிருக்காவிட்டால் அவளைக் கட்டியிருக்க வேண்டிய முறைக்காரர். அதை நான் மறந்ததே இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் டம்ளர், கிண்ணம் எல்லாம் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். அவளுக்கு அவ்வளவு சுத்தம் என்று உங்களிடமே பீற்றியிருக்கிறேன்.

வந்தவர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, இன்னும் அந்தக் கண்ணுக்குப் பயமா?"

"போங்க மச்சான்!" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது!

சின்ன வயதில் அவர் சொன்ன கதையாம். ரப்பர் மரத்தில் பால் ஏந்தும் மங்குக்குள் ஒரு கண் மிதக்குமாம். எட்டிப் பார்க்கிறவர்களை அது திருப்பிப் பார்க்குமாம். அன்றிலிருந்துதான் இவள் எல்லாவற்றையும் கவிழ்த்தே வைக்கிறாளாம்.

"இதெல்லாம் ஒரு கதையா?" என்றேன்.

"உங்க கதைக்குத் தூக்கம்தானே வருது" என்றாள், அவர் முன்னாலேயே.

நான் வாடகை கட்டும் வீட்டில் அந்த ஆள் விட்ட கண் சும்மா குடியிருக்கிறது!

அவர் போனதும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கடுகடுவென்று டம்ளரை எடுத்தேன்.

வாயில் வைக்குமுன், உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் யார் சொன்ன பயம் குடியிருக்கிறது? கீழே பென்சிலால் எழுதுங்கள். அத்தை மகன்கள் யாரும் எழுத வேண்டாம்.