இரண்டாவது மிதவை

படகுப் பட்டறையில் அவளை எல்லாரும் 'தீப்பொறி' என்றுதான் கூப்பிட்டார்கள். கோபக்காரி என்பதால் வந்த பெயர் அல்ல. அவளுக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் குறைவு. அங்கே வெல்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள். முகமூடியை இறக்கிவிட்டு வெல்டிங் ராடை இரும்பில் வைத்தாளானால் உச்சி வெயிலிலும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. அவள் கணவன் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டினான். மலைபோல் வரும் கப்பல்களை, கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதுபோல, பதமாகக் கொண்டுவந்து கரையில் சேர்ப்பான்.

அலையிலிருந்து மின்சாரம் எடுக்கப்போவதாக ஒரு நிறுவனம் பட்டறைக்கு வந்தபோது ஊரே சிரித்தது.

"இத்தனை காலமா சும்மா அடிச்சிட்டிருந்த அலைக்கும் இனி மீட்டர் வெச்சிடுவாங்க போல" என்றாள் மாடியில் குடியிருந்த நாத்தனார்.

தீப்பொறிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிறுவனத்தின் எஞ்சினியர், முப்பதைத் தாண்டாத பெண், வரைபடத்தை விரித்துவைத்து விளக்கியபோது விஷயம் மனசில் உட்கார்ந்துவிட்டது. பஸ் நீளத்துக்கு ஓர் இரும்பு மிதவை. அலை தூக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் உள்ளே இருக்கும் எண்ணெயை அழுத்தித் தள்ள, எண்ணெய் ஜெனரேட்டரைச் சுழற்றும். கடலடியில் கிடக்கும் கேபிள் வழியாக மின்சாரம் கரைக்கு வரும். கரியும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

"இவ்வளவு சுலபம்னா இதுவரைக்கும் ஏன் மேடம் யாரும் செய்யல?"

"சுலபம் இல்லக்கா. அலை இல்லாத அன்னிக்கு இது சும்மா கிடக்கும். அலை மிஞ்சிப்போனா இதையே உடைச்சுப் போட்டுடும். நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கடல். கடல் நம்ம சொல்படி கேக்காதே."

முதல் மிதவை கடலில் இறங்கியபோது அதன் வெல்டிங் தையலில் பாதிக்கு மேல் தீப்பொறியின் கைவேலை. சில மாதங்கள் ஐஸ் ஃபேக்டரி அந்த மின்சாரத்தில்தான் ஓடியது. அங்கே வேலை பார்த்த நாத்தனாரே, "உங்க அலை இன்னிக்கு நல்லா உழைக்குது அண்ணி" என்று வந்து சொல்வாள். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன.

பிறகு புயல் வந்தது. ஒரு பிற்பகலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, மிதவை துறைமுக வாயை நோக்கி மிதந்துவந்தது. உள்ளே கப்பல்கள் நின்றிருந்தன. அதை இழுத்து அப்பால் விட ஒருவர் போயாக வேண்டும். அவள் கணவன் போனான். கயிற்றை மாட்டியும்விட்டான். அடுத்த அலையில் மிதவை ஒரு பக்கமும் படகு ஒரு பக்கமும் இழுக்க, கயிறு அறுந்து சாட்டைபோல் திரும்பி வந்து அவன் வலது கையில் விழுந்தது. இடது கையால் படகைத் திருப்பிக் கரை சேர்த்துவிட்டுத்தான் அவன் மயங்கினான். மிதவை பாறையில் மோதி மூழ்கிப்போனது. டாக்டர்கள் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. சங்கிலியின் ஒரு கண்ணி கடலடி மணலில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. அவர்கள் வீட்டில் அது ஆறுதலாக இல்லை. திட்டித் தீர்க்கக்கூட ஓர் ஆள் கிடைக்காமல் போயிற்று.

எஞ்சினியர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீடு திரும்பிய பிறகு சட்டை போடுவதையே விட்டான். பித்தான் போட மனைவியின் முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை. பனியனோடு வாசலில் உட்கார்ந்து, வேறொருவன் ஓட்டும் இழுவைப்படகின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் பட்டறையில் வாசல் கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து எஞ்சினியர் வீட்டுக்கே வந்தாள். இன்னொரு மிதவை கட்டப்போவதாகவும், தீப்பொறி வேண்டும் என்றும் சொன்னாள்.

"என் கையைத் தின்ன மிஷினுக்கு இவ சோறு ஊட்டணுமா?" என்றான் கணவன். குரல் உயரவில்லை.

எஞ்சினியர் தலை குனிந்தாள். "இது வேற மாதிரி அண்ணா. புயல் வர்றது தெரிஞ்சா கரையிலிருந்தே ஒரு உத்தரவு குடுப்போம். வயித்துல தண்ணியை நிரப்பிக்கிட்டு அடியில போய்ப் படுத்துக்கும். மேல அடிக்கிற அலை அங்க அவ்வளவா எட்டாது. படகு எதுவும் அது பக்கம் போக வேண்டியதே இல்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "மூழ்கினது திரும்ப எழும்புமா?"

"எழும்பணும். ஆனா கண்டிப்பா எழும்பும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவன் மனைவியைப் பார்த்தான். "உனக்குப் போகணும்னு இருக்கா?"

"இருக்கு." அதை அவனிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. "வாசல் கேட்டா செஞ்சு கை மரத்துப் போச்சுங்க."

"அப்ப போ."

தண்ணீர் நிரம்பும் தொட்டிகளின் உட்புறத்தை அவள்தான் பற்றவைத்தாள். உள்ளே ஊர்ந்து போய், மல்லாந்து படுத்துச் செய்யும் வேலை. சூடு தாங்காமல் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நுழைவாள். எக்ஸ்ரே படமெடுத்துச் சோதித்ததில் தையலுக்குள் ஓரிடத்தில் காற்றுக் குமிழ் தெரிந்தது. "இது போதும், தாங்கும்" என்றார் சோதனைக்காரர். அவள் கேட்கவில்லை, அந்தத் தையல் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். ஒருநாள் கணவன் கொட்டகைக்கு வந்தான். ஆறிப்போன தையல்மேல் இடது கையை மெல்ல ஓட்டிப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த புயலில் மிதவை சொன்னபடி மூழ்கியது. எல்லாப் படகுகளும் கரையில் கட்டிக் கிடந்தன. புயல் ஓய்ந்து, எழும்பச் சொல்லி உத்தரவு போயிற்று. மிதவை எழும்பவில்லை. மறுநாளும் இல்லை. எஞ்சினியர் கண்காணிப்பு அறையில் திரையையே பார்த்துக்கொண்டு பட்டினியாகக் கிடந்தாள். தீப்பொறி ஒவ்வொரு தையலாக நினைவில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அலைத்தடுப்புச் சுவரில் நின்றிருந்த கணவன்தான் முதலில் பார்த்தான். பாசி தொங்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மிதவை மேலே வந்தது. பக்கத்தில் நின்ற மனைவியின் தோளை இறுக்கிப் பிடித்தான்.

தொட்டிகளில் ஒரு சொட்டும் கசியவில்லை. உத்தரவைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாதி கிழிந்திருந்த கேபிள்தான். அதைச் சரிசெய்து மின்சாரம் வரப் பல மாதங்கள் பிடித்தன. மூன்றாவது மிதவை இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுவனம் முடிவு செய்தது. ஊர் முழுவதற்கும் வெளிச்சம் தரும் என்ற பேச்சு அடங்கிவிட்டது. அலை நன்றாக இருக்கும் நாட்களில் ஐஸ் ஃபேக்டரிக்கும் துறைமுக விளக்குகளுக்கும் அது போதுகிறது. கடல் தூங்கும் நாட்களில் பழைய மின்கம்பிதான்.

கண்காணிப்பு அறையில் இப்போது அவள் கணவனுக்கு வேலை. புயல் எச்சரிக்கை வந்தால் மிதவைக்கு உத்தரவு கொடுப்பது அவன்தான். கொடுத்த பிறகு அது எழும்பும்வரை யாரோடும் பேசுவதில்லை. பட்டறையில் அவளும் அதுவரை ராடைத் தொடுவதில்லை. போன் வரும்.

"வந்திடுச்சு" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அவள் முகமூடியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போவாள்.