தண்ணீர் தெளியும்வரை

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருக்கும். என் அண்ணி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர். முகூர்த்தம் முடிந்து வந்ததும், புடவை மாற்றுவதற்கு முன்பே, அந்தக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் குழந்தை ஷாம்பூவும் விட்டு, பிரஷ்களை உள்ளங்கையில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். முடி கீழே பார்த்திருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் காம்புக்குள் இறங்கி, பசை விட்டு, முடி கொட்டிப்போகும். "தண்ணி தெளியிற வரைக்கும் அலசணும்டி. ஒருத்தி மூஞ்சி இன்னொருத்திக்குப் போகக்கூடாது" என்பார். பிறகு துணியில் ஒற்றி, நுனியைக் கூட்டி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டியிருக்க, நிழலில் படுக்கவைப்பார். என்னைத் தொடவிட மாட்டார். மகா கெடுபிடி!

அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். பாழாய்ப்போன காய்ச்சல். சின்ன மகளை வைத்துக்கொண்டு அண்ணன் தடுமாறியதைப் பார்க்க முடியாமல், போன தையில் எங்கள் ஆத்தா பொன்னமராவதிப் பக்கம் அவனுக்குப் பெண் பார்த்தாள். சுமங்கலியாய்ப் போன அண்ணிக்குப் புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்டு, இந்தக் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டோம். செத்துப்போன மூத்தாளுக்குப் பயந்து இந்தப் பெண் பின்வாங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள்: "அவுக பிரஷ்ஷாலயே எனக்குப் போட்டுவிடுங்க. அவுக கை பட்டதுல ஆரம்பிச்சா மனசுக்குத் தெம்பா இருக்கும்."

அண்ணி செய்தபடியே எல்லாவற்றையும் அலசிக் காயவைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் தெளிந்தது. மறுநாள் காலையில் பெரிய பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு, அவள் கன்னத்தில் இழுத்து, காதோரம் கொண்டுபோய் எடுத்தேன். இடது காதுக்குக் கீழே கரும்பழுப்பாக ஒரு பொட்டு. தான் அலங்கரிக்கிற எல்லாப் பெண்களுக்கும் கடைசியில் அண்ணி அந்த இடத்தில்தான், யார் கண்ணுக்கும் தெரியாமல், திருஷ்டிப் பொட்டு வைப்பார். நானோ அன்று மை டப்பாவைத் திறக்கவே இல்லை.

கண்ணாடியில் அவளும் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, சொல்லிவிட்டேன். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. ஆத்தா கதவைத் தட்டினாள்.

"அவுக என்னைய வரச் சொல்றாகளா, வராதேங்கிறாகளா?" என்றாள் மெல்ல.

"தெரியலைங்களே."

கண்ணாடியைப் பார்த்து அந்தப் பொட்டை விரலால் தொட்டாள். பிறகு எழுந்தாள். துடைக்கவில்லை. அந்தப் பொட்டோடுதான் அவள் கழுத்தில் தாலி ஏறியது.

அந்தப் பிரஷ்களை இப்போது யாரும் முகத்தில் வைப்பதில்லை. பூஞ்சை பிடித்துவிடும் என்று அவ்வப்போது அவள்தான் கழுவி வைக்கிறாள். நான் கீரமங்கலத்துக்கு வருகிற சமயமாகப் பார்த்துத்தான் அந்த வேலையை எடுப்பாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவள் கால்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கும். அவளோ கிண்ணத்தைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அலசுவாள்.

"தெளிஞ்சிருச்சான்னு பாருங்க."

எட்டிப் பார்ப்பேன். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் அந்தப் பெரிய பிரஷ்ஷிலிருந்து பழுப்பு நூல் நூலாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பிள்ளையைப் பார்ப்பேன்.

"தெளிஞ்சிருச்சு அண்ணி" என்பேன்.