வண்டி யார் பேரில்

பிள்ளைகளா, பெரியம்மா வீட்டு வாசலில் நிற்கிற பைக்கில் நேபாளம் வரை போயும் முக்திநாத்தைப் பார்க்காமல் ஏன் திரும்பினேன் என்று பலதடவை கேட்டுவிட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

அது உங்கள் பெரியப்பாவின், என் அண்ணனின் பைக். விக்கிரமசிங்கபுரம் மில்லுக்கு ஷிப்ட் போய்வர வாங்கியது. நாங்குநேரிப் பெருமாள் என்றால் அவருக்கு உயிர். அதே பெருமாள் முக்திநாத்தில் பனிக்குள் இருக்கிறார், ஒருநாள் இந்த வண்டியிலேயே போய்ப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

வருஷம் திரும்பியதும் அவருக்காக நான் கிளம்பினேன். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அவருடைய மில் கூட்டாளி. சூரத் பக்கம் கொஞ்சகாலம் வேலை பார்த்ததால் அவருக்கு இந்தி வரும். எனக்கு வராது.

வண்டியின் ஆர்.சி. அப்போதும் பெரியப்பா பேரில்தான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டில் அவர் பேரை அடித்தாயிற்று. இதிலும் அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

எல்லையில் அனுமதிச் சீட்டு போட்டுக் கொடுத்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன்னால், பீகாரில் மழையில் ஒதுங்கி நின்றபோது ஒரு போலீஸ்காரர் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். உடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் ஒன்று என்று நான் எழுதவில்லை.

நேபாளத்தில் மலை ஏறத் தொடங்கிய இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே இருந்த போலீஸ்காரர் ஆர்.சி.யையும் என் லைசென்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “மாலிக் யார்?” என்று இந்தியில் கேட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்கிறார். அண்ணன் வண்டி என்று கூட்டாளி சொன்னார். அப்படியானால் அண்ணனுக்குப் போன் போடு, தம்பிக்குக் கொடுத்தேன் என்று அவன் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் இது திருட்டு வண்டி என்றார். சொல்லும்போதே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார். சாவடிக்குப் பின்னால் செடிகொடி மூடி இரண்டு மூன்று பைக்குகள் துருப்பிடித்துக் கிடந்தன. அண்ணன் வண்டியும் அங்கேதான் போய்ச் சேரும் என்று தோன்றியது.

கூட்டாளி என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏலே, மரம் மாதிரி நிக்காத. மில்லுல நம்ம பயலுவ ஒருத்தனக் கூப்பிடுதேன். நாந்தான் அண்ணன்னு தமிழ்ல ரெண்டு வார்த்த சொல்லட்டும். இவனுக்கு என்ன தெரியப் போவுது?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“கள்ளன் கேக்கான், கள்ளத்தனமா பதில் சொல்லுதோம். இதுல என்னலே பாவம்?”

“பாவம்னு இல்ல. வேற ஒருத்தன் குரல அண்ணன்னு நெனச்சு என்னால கேக்க முடியாது.”

“அப்போ வண்டிய விட்டுட்டு நடந்தே ஊருக்குப் போவமா? ஒங்க அண்ணன் மேல இருந்து கைதட்டுவான்!”

நானே அந்தப் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றேன். வழியில் காதில் விழுந்து தெரிந்த இந்தியில், “பாய் மர் கயா” என்றேன். அண்ணன் செத்துப்போனார். அதுவரை ‘தவறிட்டாங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். செத்துப்போனார் என்ற சொல் அங்கேதான் முதன்முதலாக என் வாயிலிருந்து வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்தார். இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். செத்தவன் வண்டி என்றால் கேஸ் இன்னும் பெரிசு என்று கூட்டாளியிடம் சொன்னார். ஊர் திரும்பப் பெட்ரோலுக்கு மட்டும் விட்டுவிட்டு எங்களிடம் இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டார். அதுவும் போதவில்லை என்று முறைத்தபோது, கூட்டாளி தன் வாட்ச்சைத் தானே கழற்றிக் கொடுத்தார். போலீஸ்காரர் ஆர்.சி.யைக் கால்சட்டையில் துடைத்து மரியாதையாக நீட்டினார். பத்திரமாகப் போங்கள் என்றாராம்.

முக்திநாத் அதற்கும் மேலே வெகுதூரம். கையில் ஒன்றும் இல்லை. வண்டியைத் திருப்பினோம். மலை முழுக்க மேகம் மூடியிருந்ததால் தூரத்துப் பனியைக்கூடப் பார்க்கவில்லை. இறக்கத்தில் கூட்டாளி ஒரே ஒரு தடவை பேசினார். “சாவுன்னு சொன்னா எவனாவது ரேட்டக் கூட்டுவானாலே?”

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

“அவுக நம்பருக்கே போன் போட்டிருக்கலாம்லா கொழுந்தனாரே. போன் எங்கிட்டதான இருக்கு. நித்தம் சார்ஜ் போடுதேன். நான் எடுத்திருப்பேன்லா.”

“பொம்பளக் குரல் கேட்டா அவன் நம்பவா போறான் மதினி?”

“வண்டி யாருக்குச் சொந்தம்னுதான கேட்டான்? பின்ன நான் யாரு?”

அண்ணனின் வண்டி, நான் ஓட்டுகிற வண்டி என்றே இருந்துவிட்டேன். மறுவாரமே அம்பாசமுத்திரத்தில் ஆளைப் பிடித்து, பேரைப் பெரியம்மாவுக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். புது ஆர்.சி. வந்தது. அதில் அவர் பேருக்குக் கீழே, கணவர் பேராக, பெரியப்பாவின் பேர் சின்ன எழுத்தில் இருக்கிறது.

கூட்டாளி அதற்கப்புறம் முக்திநாத் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்தப் பைக்கை ஓட்டிப் பார்க்கிறோம் என்று நீங்கள் வரும்போதெல்லாம் நான் பேசாமல் இருக்கிறேனே, கோபம் இல்லை பிள்ளைகளா. கேட்க வேண்டியது பெரியம்மாவிடம்.