தட்டில்லாத பீர்

அங்குஸ்தியாஸ் யாரிடமும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்பெயினில் எங்கள் கிரனாடாக்காரர்களுக்குச் சிடுமூஞ்சித்தனம் கூடப்பிறந்தது. அவளுக்கு அதில் இரண்டு பங்கு. அல்பைசின் மேட்டில் முப்பத்தொரு வருடமாக மதுக்கடை நடத்தினாள். எதிரே இருக்கும் பூட்டுக்கடை என்னுடையது. என்னைத் துருப்பிடித்தவன் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் பீர் வைத்தால் கூடவே ஒரு தட்டு வரும். என்ன வேண்டும் என்று கேட்கமாட்டாள். முதல் பீருக்கு ஆலிவ் காய், இரண்டாவதுக்குக் கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், மூன்றாவது வரை உட்காருபவனுக்கு நத்தைக் குழம்பு. தட்டுக்குக் காசு கிடையாது. எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான் முறை.

அந்த முறையை விற்றுப் பிழைக்க வந்த சுற்றுலா வழிகாட்டி லியாந்த்ரோ. கையில் மஞ்சள் குடை, பின்னால் இருபது வெளியூர்க்காரர்கள். பேராலயத்தில் தொடங்கி, மேடேறி, அல்ஹம்ப்ரா கோட்டைக்கு எதிரே நின்று படம் பிடித்துவிட்டு, இறங்கும் வழியில் இவள் கடைக்குள் நுழைவார்கள். அவள் சும்மா கொடுத்ததை அவன் தலைக்கு நாற்பது யூரோ வாங்கிக்கொண்டு விருந்து என்று காட்டினான். ஆளுக்கு ஒரு பீர், ஒரு தட்டு, பத்து நிமிடம். அதுவரை நாங்கள் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். ஓய்வுபெற்ற கொத்தனார் மெல்ச்சோர் தன் ஸ்டூலை இரண்டு முறை பறிகொடுத்தார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

அது அவளுக்கு உறைத்தது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தினமும் வரும் நாங்கள் எட்டுப் பேர்தான் அவளுக்கு வீடு. எங்களை இழந்துவிடுவோம் என்று பயந்தாள். தெருவில் லியாந்த்ரோவை மறித்து, இனி வராதே என்றாள். என் கடை வாசலில்தான் அந்தச் சண்டை நடந்தது.

"ஊருக்கெல்லாம் தட்டு வச்சிட்டு எங்களுக்கு மட்டும் இல்லன்னு சொல்லிப் பாரு. புகார்ப் புத்தகத்தக் கேட்டு வாங்கி எழுதுவேன், அபராதம் வரும்" என்றான் அவன்.

சரி, யாருக்குமே தட்டு வேண்டாம், ஒரு வாரத்தில் ஓடிவிடுவான் என்று முடிவு செய்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களாகப் புரிந்துகொள்வோம் என்று நினைத்திருக்கிறாள், அகம்பாவக்காரி.

திங்கட்கிழமை மெல்ச்சோர் கோபம் தணிந்து வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் பீர் மட்டும் வந்தது. அவர் காத்திருந்தார்.

"தட்டு எங்க?"

"இல்ல."

"எனக்குமா?"

"யாருக்கும் இல்ல."

லியாந்த்ரோ தன் கூட்டத்தோடு பக்கத்திலேயே நின்றதால் அவளால் அதற்குமேல் சொல்லமுடியவில்லை. எங்கள் ஊரில் ஒருவனைக் கடையை விட்டுத் துரத்த வேறெதுவும் வேண்டாம். மெல்ச்சோர் காசை வைத்துவிட்டு, பீரைத் தொடாமல் எழுந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக ஆறு பேர் போனார்கள்.

அந்தச் சண்டையைக் கேட்டிருந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். சொல்லவில்லை. அத்தனை வருடம் அவளிடம் வாங்கிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. நானும் எழுந்தேன்.

"நீயாவது உக்காருடா" என்றாள் தணிந்த குரலில். "ஏன்னு உனக்குத் தெரியும்ல."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உள்ளே லியாந்த்ரோ, இங்கே பீரை மட்டும் தருவதுதான் பழைய வழக்கம் என்று கூசாமல் அளந்துகொண்டிருந்தான். அவர்களும் நம்பி, அவளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள்.

மறுநாள் இரண்டு குழுக்களோடு வந்தான். இடம் தாராளமாக இருந்தது.