என்டர் பொத்தானை அக்கா அழுத்துவதில்லை

நாளைக்கே இந்தப் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டு, கெட்டுப்போன போன் மாதிரி கம்பெனி லோகோவைக் காட்டிக்கொண்டு நின்றால், உலகத்துத் தலைவர்கள் எல்லாம் கைகட்டி வரிசையில் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஜெராக்ஸ் கடையின் இடது ஓரத்தில், மூன்றடி மேசைக்குப் பின்னால், கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவின் முன்னால். அவள் பூமியைத் திருப்பிப் பார்ப்பாள், இரண்டு வால்யூம் பொத்தானையும் அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகுவாள், அரை மணியில் ஓட விடுவாள். சூரியனுக்கு ரூட் போட்டு வெயிலைக் குறைக்கவும் அவளால் முடியும், யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூட்லோடர் என்பது போன் கண் விழித்ததும் முதலில் எழுந்து வாசலில் நிற்கிற காவலாளி. கம்பெனி அனுப்பிய ஆளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டான். அவனை மடக்கி வாசலைத் திறப்பதுதான் அன்லாக். அதற்குப் பிறகு வருவது ரூட். அது வந்தால்தான் வீடு உங்கள் பேருக்கு எழுதியது மாதிரி. இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய போனிலும் நீங்கள் குடித்தனக்காரர்தான், கம்பெனி சுவரில் ஒட்டிய விளம்பரத்தைக் கிழிக்கக்கூட உரிமை கிடையாது. மலிவு போன்களில் அந்த விளம்பரம் ரொம்ப அதிகம். அதனால்தான் அக்காவிடம் ஆள் வருகிறது.

ஒரு சங்கடம் உண்டு. வாசல் திறக்கிற நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படம், பாட்டு, பேச்சு, ஒன்றும் மிஞ்சாது. திருடன் வந்து வாசலைத் திறந்தால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று கம்பெனி செய்து வைத்த ஏற்பாடு. திருடன் யார், அக்கா யார் என்று அதற்குத் தெரியாது.

இந்த வித்தையை அக்கா எங்கேயும் சம்பளம் கட்டிப் படிக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் புருஷன் ஒரு மலிவு போன் வாங்கிக் கொடுத்தார். என்ன பாசம் என்று நாங்கள் பூரித்தோம். அதன் பிறகு தினமும் சாப்பிடும்போது, "மூணு மணிக்கு மருந்துக்கடை வாசல்ல எதுக்கு பத்து நிமிஷம் நின்னே?" என்று கேட்க ஆரம்பித்தார். போனுக்குள் கண்காணிக்கிற ஆப் ஒன்றை ஒளித்து வைக்கச் சொல்லி வாங்கியிருந்தார். ரீசெட் அடித்தாலும் மறுநாள் அது திரும்பி வந்து உட்காரும், கடைக்காரன் அவ்வளவு ஆழத்தில் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய லேப்டாப்பில், சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ வீடியோவாகப் பார்த்து, பதினோரு நாளில் அக்கா கற்றுக்கொண்டாள். கல்யாணப் படங்கள், என்னோடு எடுத்த கோணல் படங்கள், எல்லாம் போகும் என்று தெரிந்தே என்டரைத் தட்டினாள். போன் பிறந்த குழந்தை மாதிரி எழுந்தது. அதில் வழி பார்த்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை, அவ்வளவுதான். அம்மா உடனே பாயை விரித்தாள்.

அதனால் அவள் தொழிலில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் அவள் தயார் செய்வாள், கடைசி என்டரை மட்டும் போனுக்குச் சொந்தக்காரர்தான் தட்ட வேண்டும். தட்டுவதற்கு முன் "எல்லாம் அழிஞ்சிடும், எனக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"கோயில்ல சத்தியம் வாங்கற மாதிரி வாங்கறியே" என்று நான் கிண்டல் செய்வேன்.

"அழிக்கிற விரல் அவங்க விரலா இருக்கணும்டி. பின்னால தூக்கம் வரணும், அவங்களுக்கும் எனக்கும்."

நான் மதியம் சாப்பாட்டு டப்பா கொண்டு போவேன். பத்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒட்டு உறவு முடிந்துவிட்டதால் வேறு வேலை கிடையாது. அவள் போனில் அழைப்பு மணியை ஆட்டுச் சத்தமாக மாற்றுவேன், மேசை மீதிருக்கும் மவுசின் அடியில் காகிதம் ஒட்டுவேன். அவள் "குரங்கே" என்பாள், ஸ்க்ரூ டிரைவரால் என் மண்டையில் தட்டுவாள், அத்தோடு சரி.

அந்தத் தையல்காரம்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கழுத்தில் அளவு நாடா, கழற்ற மறந்து அப்படியே நடந்து வந்திருந்தார். கையில் நீல நிறப் போன். மகளுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற வேலை பார்த்த பெண். ஆறு வாரம் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

"ஆன் பண்ணா கம்பெனி பேரு வருது பாப்பா, அப்புறம் அணைஞ்சிடுது. திரும்ப வருது, திரும்ப அணையுது. உள்ள அவ பேசினது இருக்கு. பஸ்ல வரும்போது தனக்குத் தானே பேசிப் பதிஞ்சு வைப்பா. என்ன பேசினான்னு நான் கேட்டதே இல்ல. என்னுது பட்டன் போனு, அதுல அவ குரல்னு ஒண்ணும் கிடையாது."

"நம்பர் லாக் தெரியுமாம்மா?"

"தெரியும். என் பிறந்த வருஷம்."

அக்கா போனைத் தடவிப் பார்த்தாள். "வாசலைத் திறக்காமலே சரி பண்ணலாம். முதல்ல எழுந்திரிக்கிற பகுதி மட்டும்தான் கெட்டிருக்கு, அதை மட்டும் மாத்தி எழுதணும். உள்ள இருக்கறத தொட வேண்டாம். நாலு நாள் குடுங்க."

அவர் போன பிறகு, ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் 'தையல்' என்று எழுதிப் போனின் முதுகில் ஒட்டினாள். மேசையில் ஏற்கெனவே அதே கம்பெனியில், அதே நீலத்தில் இன்னொன்று இருந்தது. அதன் முதுகில் 'டிரைவர்'. வாடகை வண்டி ஓட்டுகிறவருடையது, அன்லாக் செய்ய வந்தது. டிரைவர் பெரிய வாய்க்காரர். கொசு கடித்தாலும் ஊரைக் கூட்டுவார்.

வெள்ளிக்கிழமை டப்பாவோடு போனேன். அக்கா கை கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். இரண்டு போனும் அணைந்து கிடந்தன. நான் ஸ்டிக்கர்களை உரித்து மாற்றி ஒட்டினேன். டிரைவர் வந்து தன் போனை ஆன் செய்வார், அது லோகோவைக் காட்டிக் காட்டி அணையும், "ஐயோ, என் போனைக் கொன்னுட்டாளே!" என்று தெருவே அதிரக் கத்துவார், நான் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன். இதுதான் என் திட்டம். மொத்தம் அரை நிமிட வேடிக்கை.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த வகைப் போனை அணைந்த நிலையிலேயே, பொத்தானைப் பிடித்துக் கேபிள் செருகித்தான் திறப்பார்கள். வேலை முடியும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். யாருடைய போன் என்று அது வாய் திறக்காது.

சாப்பிட்ட டப்பாவைக் கழுவ நான் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே டிரைவர் வந்துவிட்டார். தண்ணீர் மெல்லிசாக வந்தது. உள்ளே அவர் குரல் கேட்டது. "எல்லாம் அழிஞ்சிடும், எனக்குத் தெரியும். போதுமா தாயே? தட்டட்டுமா?"

நான் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் விரல் என்டரை விட்டு எழுந்துகொண்டிருந்தது.

லேப்டாப்பில் பச்சை வரி ஓடி முடிந்தது. அக்கா கேபிளைப் பிடுங்கிப் போனை ஆன் செய்தாள். லோகோ வந்தது. அணைந்தது. மறுபடி லோகோ. மறுபடி அணைந்தது.

டிரைவர் கத்த வாய் திறந்தார். அக்கா கையைக் காட்டி அடக்கிவிட்டு மற்ற போனை எடுத்து ஆன் செய்தாள். அது சமர்த்தாக விழித்தது. திரையில் மாலை போட்ட வெள்ளைக் கார்.

"அட, இது என் வண்டிதானே!" என்றார் டிரைவர். "அப்போ இது யாருது?"

அக்கா 'டிரைவர்' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள், முன்னும் பின்னும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தான் மாத்தி ஒட்டிட்டேன் போல" என்றாள்.

சொல்லியிருக்கலாம். என் வாய் ஊரில் எல்லோர் விஷயத்துக்கும் திறக்கும், அன்றைக்குத் திறக்கவில்லை.

சனிக்கிழமை தையல்காரம்மா வந்தபோது அக்கா எழுந்து நின்றாள். அந்த அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தாள். போன் இப்போது ஒழுங்காக ஓடியது, உள்ளே காலியாக.

"தப்பு என்னோடதும்மா. போனு மாறிடுச்சு. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"அழிஞ்சா என்ன பாப்பா, கம்ப்யூட்டர்ல திரும்ப எடுக்கறாங்களாமே?"

"பூட்டு மட்டும் இருந்தா உடைச்சிருப்பேன். குரலைத் திரும்பப் படிக்கிற சாவியே எரிஞ்சிடுச்சும்மா. இனி உள்ள இருக்கறது வெறும் இரைச்சல்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் நாடாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இரைச்சலா? அதையாவது கேக்கலாமா?"

ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். "இன்னொரு தடவை பாரேன் பாப்பா" என்றார். அதற்கு மறுநாளும் வந்தார். தினமும் அக்கா கேபிளைச் செருகி, ஒன்றும் இல்லாத இடத்தை அவருக்காகத் தேடிக் காட்டினாள். மற்றவர்கள் கொண்டுவந்த போன்களைத் தொடவே இல்லை. கேட்பவர்களுக்குப் போன் திரைக்குக் கண்ணாடி மட்டும் ஒட்டிக் கொடுத்தாள், அதுவும் குமிழி குமிழியாக. டப்பா பாதி நிறைந்தபடி வீடு திரும்பியது.

ஒன்பதாம் நாள் எனக்கு ஒன்று தோன்றியது. அழிந்தது அந்தப் பெண்ணின் போனில்தானே, அவள் யாருக்காவது பேசி அனுப்பியிருந்தால் அது அடுத்தவர் போனில் கிடக்குமே. மூன்று பஸ் மாறி அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ரிப்போர்ட் கவுன்ட்டரில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"என் போன் எப்பவும் நிரம்பிப் போகும், வாரா வாரம் அழிச்சிடுவேன்" என்று சொன்னவள் தேடத் தேட அழுதாள். "இரு. ஒண்ணு தப்பிச்சிருக்கு. ஆனா இது... இத அவங்கம்மாகிட்ட கொடுக்கலாமான்னு தெரியல."

பதினாறு வினாடி. வாங்கிக்கொண்டு நேரே தையல்காரம்மா அறைக்குப் போனேன். ஒரு மெஷின், ஒரு கட்டில், தரையெல்லாம் துணி வெட்டு. அவரிடமிருந்த மகளின் போனுக்கு என் போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பிவிட்டு வாய் கூசாமல் சொன்னேன்: "அக்கா விடாம தேடினா. ஒண்ணே ஒண்ணு கிடைச்சுதாம். நேர்ல வர அவளுக்கு வெக்கம்."

அந்த அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் வந்தது, பின்னால் பஸ் சத்தத்தோடு.

"ஏய், நாளைக்கு நான் மஞ்ச சட்டை போடல, நீ மட்டும் போட்டுக்க. எங்கம்மா தச்சதுதான். கை ஒண்ணு இறுக்குது, தூக்கினா பிடிக்குது. அதுகிட்ட சொல்லிடாத. உடனே பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்துடும், கண்ணு வேற சரியில்ல."

முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன்.

"எந்தக் கைன்னு சொல்லலியே" என்றார்.

எழுந்து அலமாரியிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்தார். உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையையும் விரலால் தடவினார். "வலது. நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார். பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நூலாக. நான் அங்கிருந்து வந்துவிட்டேன், கதவைச் சாத்தினேனா என்று நினைவில்லை.

மறுநாள் நான் டப்பாவோடு போவதற்குள் அந்த அம்மா கடைக்கு வந்து போயிருந்தார். அக்கா ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள். டப்பாவை வாங்கினாள், திறந்தாள், முழுசாகச் சாப்பிட்டாள். நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

"அந்தம்மா வந்து என் கையைப் பிடிச்சு கண்ல ஒத்திக்கிட்டாங்க" என்றாள்.

"பாத்தியா! உன் திறமை அப்படி."

"அந்தப் போன்லருந்து ஒரு எழுத்துகூடத் திரும்ப வராதுடி. அவங்ககிட்ட அதச் சொல்ல எனக்கு வாய் வரல. ஃபைல் எங்க இருந்துச்சுன்னு பாத்தேன். நேத்து நீ அவங்க வீட்டுக்குப் போன நேரத்துல ப்ளூடூத்ல வந்து விழுந்திருக்கு."

நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஒரு செம்பு தண்ணி மொண்டு தான்னா முக்கா மணி நேரம் பேரம் பேசுவே. அந்தப் பொண்ணு வேலை பாத்த இடத்துக்கு மூணு பஸ் மாறிப் போயிருக்கே. சும்மா போற ஆளா நீ?" அக்கா டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினாள். குரல் ஏறவில்லை. கண் மட்டும் என்னை விட்டு அசையவில்லை.

"ஸ்டிக்கரை எப்ப மாத்தினே? நான் கை கழுவப் போனப்பவா, அதுக்கு முன்னாடியேவா?"